கீழே தள்ளியது எங்கே போகும்?

பூமி அதிர்ந்துவிட்டால் போதும், நம் பத்திரிகைகளிடம் ஒரு தலைப்பு தயாராக இருக்கிறது: 'இயற்கையின் சீற்றம்'. சீற்றத்துக்கு முகவரி கிடையாது. அதன்மேல் வழக்குப் போட முடியாது, நட்டஈடு கேட்க முடியாது, இன்னார்தான் செய்தார் என்று விரல் நீட்ட முடியாது. இடிந்த சுவரைப் பார்த்து அழுதுவிட்டு மறுபடி செங்கல் அடுக்க வேண்டியதுதான். ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தால் அதனால் யாருக்கு லாபம் என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்ட விசயம். அதனால் இந்த முறை முகவரி உள்ள ஒரு நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம். இதற்குப் பம்பு உண்டு, மீட்டர் உண்டு, லைசென்ஸ் எண் உண்டு. தொழிற்கழிவு நீரைப் பூமிக்குள் பல ஆயிரம் அடி ஆழத்தில் செலுத்துவதால் வருகிற நிலநடுக்கம் இது. அமெரிக்காவில் அறுபது வருசத்துக்கு மேலாக நடந்துவரும் கதை.

கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரத்தை ஒட்டி ராணுவத்துக்கு ஒரு ரசாயன ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்று பேர். சாரின் என்கிற நரம்பு விசவாயுவை அங்கே செய்தார்கள். அதே வளாகத்தில் பூச்சிமருந்தும் தயாரானது. கழிவை முதலில் குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கி, பக்கத்து விவசாயிகளின் பயிர் கருகியது. சரி, இன்னும் கீழே தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று 1961-ல் 12,045 அடி ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டினார்கள். 1962 மார்ச்சில் ஊற்ற ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் நிலம் ஆட ஆரம்பித்தது. 1882-க்குப் பிறகு நிலநடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த ஊர் அது. அடுத்த மூன்றரை வருசத்துக்குள் எழுநூறு முறைக்கு மேல் அதிர்ந்தது. பெரும்பாலும் சின்ன அதிர்வுகள்தான். ஆனால் தூங்குகிறவனை எழுப்புவதற்குச் சின்ன அதிர்வு போதும்.

டேவிட் எவன்ஸ் என்கிற புவியியலாளர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்த காரியம், நாளெல்லாம் பற்று வரவு பார்க்கிற குமாஸ்தா என்பதால் இருக்கலாம். ஒரு பத்தியில் மாதாமாதம் எத்தனை கேலன் கழிவு உள்ளே போனது. அடுத்த பத்தியில் அந்தந்த மாதம் எத்தனை நிலநடுக்கம். அவ்வளவுதான். ஊற்றியது ஏறினால் நடுக்கமும் ஏறியது. 1963 கடைசியில் பம்பை நிறுத்தினார்கள், ஏறக்குறைய ஒரு வருசம் கிணறு சும்மா கிடந்தது, நடுக்கம் குறைந்தது. திரும்ப ஊற்றினார்கள், திரும்ப வந்தது. 1965 நவம்பரில் எவன்ஸ் இதை வெளிப்படையாகச் சொன்னார். ராணுவத்தின் கணக்கையும் நிலநடுக்கமானியின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், இரண்டும் டேலி ஆயிற்று. 1966 பிப்ரவரியில் கிணற்றை மூடினார்கள்.

ஆனால் இருப்பதிலேயே பெரிய அதிர்வு வந்தது 1967 ஆகஸ்ட் 9-ல். அதாவது, மூடி ஒன்றரை வருசம் கழித்து. ஏன்?

இங்கே கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. கழுவிய எவர்சில்வர் டம்ளரைச் சூட்டோடு ஈரத் திண்ணையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். யாரும் தொடாமலே அது நகரும். டம்ளருக்குள் மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரின் கனத்தில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. தரைமேல் டம்ளர் அழுந்துவது குறைகிறது, பிடிப்பு விடுகிறது, வழுக்குகிறது. இதையே ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு பீர் டப்பாவை வைத்து 1959-ல் செய்து காட்டினார்கள். அவர்கள் கேட்டது, இவ்வளவு பிரம்மாண்டமான பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று எப்படி நகர்கின்றன என்று. பாறைகளுக்குள் கோடிக்கணக்கான வருசங்களாகப் பிளவுகள் இருக்கின்றன. பிளவின் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மேலே இருக்கிற பாறையின் கனம் அழுத்திப் பிடித்திருப்பதால் அவை நகராமல் கிடக்கின்றன. நாம் கழிவுநீரை உள்ளே ஊற்றும்போது பாறையின் நுண்துளைகளில் ஏற்கனவே இருக்கிற நீரின் அழுத்தம் கூடுகிறது. அந்த நீர் கனத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. பிடிப்பு தளர்கிறது. எண்ணெய் போட்ட கீல் மாதிரி வழுக்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. வழவழப்பு இங்கே விசயமே இல்லை, அழுத்தம்தான் விசயம்.

நாம் ஊற்றிய நீர் பிளவுவரை போய்ச் சேர வேண்டிய அவசியம்கூட இல்லை. அழுத்தம் மட்டும் நீருக்கு நீர் கைமாறி, மைல் கணக்கில், வருசக் கணக்கில் பரவிக்கொண்டிருக்கும். பம்பை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது போய்க்கொண்டிருக்கும். டென்வரில் ஒன்றரை வருசம் கழித்து வந்தது அப்படித்தான்.

சந்தேகம் மிச்சம் இருந்தவர்களுக்காக இன்னொரு பரிசோதனையும் நடந்தது. அதே மாநிலத்தில் ரேஞ்ச்லி என்கிற எண்ணெய் வயல். அமெரிக்க அரசின் புவியியல் அளவைத் துறை 1969-லிருந்து சில வருசம் அங்கே நீரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தது. அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நடுக்கம், கீழே இறக்கினால் அமைதி. சுவிட்சைப் போட்டு அணைப்பது போல. 1976-ல் முடிவுகள் 'சயின்ஸ்' இதழில் அச்சாயின. இந்த 1976 என்கிற வருசத்தைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மகாராட்டிரத்தின் கொய்னா. அங்கே கழிவுநீர் இல்லை, அணைநீர். அறுபதுகளின் தொடக்கத்தில் அணையை நிரப்பத் தொடங்கியதும் அந்தப் பள்ளத்தாக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. டென்வர் ஆடிக்கொண்டிருந்த அதே வருசங்கள். தக்காணப் பாறை அசையாது என்பது அப்போது பாடப்புத்தக ஞானம். 1967 டிசம்பர் 11 விடிகாலை 6.3 அளவில் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் செத்துப்போனார்கள். நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்டவற்றில் உலகத்திலேயே பெரியதாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். நீரின் கனமும், பிளவுகளுக்குள் இறங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. இன்றும் அங்கே அதிர்வு நின்றபாடில்லை. அணைக்காக நிலத்தை விட்டு எழுந்து போன குடும்பங்கள் மாற்றுநிலம் கேட்டுத் தலைமுறை தாண்டிப் போராட வேண்டியிருந்தது தனிக்கதை.

இனி ஓக்லஹோமாவுக்குப் போவோம். சோக்டா மொழியில் அந்தப் பேருக்குச் 'சிவந்த மக்கள்' என்று பொருள். வெள்ளையர்கள் தங்களுக்குத் தேவைப்பட்ட நிலங்களிலிருந்து பூர்வகுடிகளை விரட்டி விரட்டிக் கொண்டுவந்து அடைத்த இடம் அது. பிறகு அந்த இடத்திலும் பங்கு கேட்டு வந்தார்கள், அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்ததும் இன்னும் வேகமாக வந்தார்கள்.

எண்ணெய் தனியாக வருவதில்லை. கூடவே உப்புநீர் வருகிறது. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தைய கடல் பாறைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, இன்றைய கடலைவிட உப்பு அதிகம். ஓக்லஹோமாவின் சில பாறை அடுக்குகளில் ஒரு பேரல் எண்ணெய்க்குப் பத்துப் பேரலும் அதற்கு மேலும் உப்புநீர் வரும். கட்டுப்படியாகாது என்று முன்பு கைவிட்ட அடுக்குகள் அவை. எண்ணெய் விலை நூறு டாலரைத் தொட்டதும் கட்டுப்படியாகிவிட்டது. எண்ணெயைப் பிரித்து விற்றுவிட்டு, அத்தனை உப்புநீரையும் ஆர்பக்கிள் என்கிற ஆழமான சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குள் ஊற்றினார்கள். எவ்வளவு ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும், செலவும் குறைவு. அந்த அடுக்குக்கு நேர் கீழே பழைய பிளவுகள் ஓடும் கெட்டிப்பாறை இருக்கிறது.

நம் தோழர்கள் சிலர் இதையெல்லாம் சேர்த்து 'ஃப்ராக்கிங்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பாறையை உடைத்து வாயு எடுக்கிற அந்த முறையாலும் நடுக்கம் வருவதுண்டு. ஆனால் ஓக்லஹோமாவில் பெரும்பான்மைக்குக் காரணம் கழிவுநீர் ஊற்றியதுதான். இந்த வேறுபாட்டை நாம் சரியாகச் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்த வழக்கையும் கீழே போட்டுவிடுவார். அதேபோல, கழிவு ஊற்றும் கிணறுகள் அமெரிக்காவில் பல்லாயிரம் இருக்கின்றன, அதிகமானவற்றால் யாருக்கும் தெரிகிற நடுக்கம் எதுவும் வந்ததில்லை. இதுவும் உண்மை. ஆனால் அதைச் சொல்லித்தான் கம்பெனிகள் இத்தனை வருசம் தப்பித்தன. தெருவில் போகிற லாரிகளில் அதிகமானவை யார்மேலும் ஏறுவதில்லை. அதனால் ஏறிய லாரி ஏறவில்லை என்று ஆகிவிடுமா?

ஓக்லஹோமாவின் பேரேட்டைப் பாருங்கள். 2008-க்கு முந்தைய முப்பது வருசத்தில் 3 அளவும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கம் வருசத்துக்குச் சராசரியாக ஒன்றோ இரண்டோ. 2013-ல் நூறைத் தாண்டியது. 2014-ல் ஐந்நூறைத் தாண்டியது. 2015-ல் தொள்ளாயிரத்துக்கு மேல். நிலநடுக்கத்துக்குப் பேர் போன கலிபோர்னியாவையே முந்திவிட்டது. நடுவில் 2011 நவம்பர் 5 இரவு பிரேக் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் 5.7 அளவில் ஒன்று. பதினான்கு வீடுகள் தரைமட்டம். வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் கால்மேல் புகைபோக்கிக் கற்கள் சரிந்து விழுந்தன.

மாநிலத்தின் புவியியல் அளவைத் துறை என்ன சொன்னது? இயற்கைக் காரணம் என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது என்று 2013-ல் அறிக்கை விட்டது. 1976-ல் அச்சான விசயம் அவர்களுக்குத் தெரியாதா? அந்தத் துறை இருப்பது மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள். பல்கலைக்கழகத்துக்குப் பெரும் நன்கொடை கொடுத்தவர் ஒரு எண்ணெய்க் கோடீசுவரர். நிலநடுக்க ஆய்வாளர்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கினால் நல்லது என்று அவர் நினைப்பதாக ஒரு புலமுதல்வர் 2014-ல் எழுதிய மின்னஞ்சல் மறுவருசம் பத்திரிகையில் வெளிவந்தது. நான் அப்படிக் கேட்கவே இல்லை என்றார் அவர். இருக்கட்டும். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வுக்கூடத்துச் சுவருக்குக்கூடத் தெரியும். 2015 ஏப்ரல் 21-ல்தான் அந்தத் துறை வாயைத் திறந்து, பெரும்பாலான நடுக்கங்களுக்குக் கழிவுநீர் ஊற்றியதே காரணமாக இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட அடுத்த மாதம் என்ன நடந்தது தெரியுமா? எந்த நகராட்சியும் தன் எல்லைக்குள் எண்ணெய்க் கிணறையோ கழிவுக் கிணறையோ தடை செய்யக்கூடாது என்று அதே மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஆடுகிற ஊருக்கு, ஆட்டாதே என்று சொல்ல உரிமை கிடையாது. சனநாயகம்!

இதில் ஒரு கண்ணியையும் கவனிக்க வேண்டும். அங்கே வீட்டுக் காப்பீட்டோடு நிலநடுக்கத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிற ஆட்கள் குறைவு. மனிதச் செயலால் வந்த நடுக்கத்துக்குப் பணம் கிடையாது என்று சில பாலிசிகளில் போட்டிருந்தது. ஆக, நடுக்கம் இயற்கையாக வந்தது என்றால் எண்ணெய்க் கம்பெனி பொறுப்பில்லை. மனிதன் செய்தது என்றால் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பில்லை. விரிசல் விட்ட சுவர் மட்டும் இரண்டு பக்கமும் உங்களுடையது. மாநிலக் காப்பீட்டு ஆணையரே 2015-ல் கம்பெனிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது. கற்கள் விழுந்து காயப்பட்ட அந்தப் பெண்மணி போட்ட வழக்கில், கம்பெனியின்மேல் சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஒழுங்குமுறை ஆணையத்திடம்தான் போக வேண்டும் என்பதில்லை என்று மாநில உச்சநீதிமன்றம் 2015 சூன் 30-ல் தீர்ப்புச் சொன்னது. வெற்றிதான். ஆனால் வெற்றி என்பது வழக்குப் போடலாம் என்கிற அளவுக்குத்தான் என்பதையும் பாருங்கள்.

2016 செப்டம்பர் 3, சனிக்கிழமை காலை ஏழு மணி. ஓக்லஹோமா வரலாற்றிலேயே பெரிய நிலநடுக்கம், 5.8 அளவு. இடத்தின் பேர் பாவ்னி. அங்கே வாழ்கிற பூர்வகுடியின் பேரும் அதுதான்.

பாவ்னி மக்கள் அந்த மண்ணுக்குத் தாமாக வந்தவர்கள் இல்லை. இன்றைய நெப்ராஸ்காவின் ஆற்றங்கரைகளில் மண்வீடு கட்டி, சோளம் விதைத்து, வருசத்தில் சில மாதம் எருமை வேட்டைக்குப் போய் வாழ்ந்தவர்கள். 1870-களில் அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டார்கள். நோயும் பட்டினியும் தின்று, ஒரு காலத்தில் பத்தாயிரம் அளவில் இருந்தவர்கள் 1900 வாக்கில் எழுநூறு பேருக்கும் குறைவாகிப் போனார்கள். இருந்த பொது நிலத்தையும் 1893-ல் ஆளுக்கு ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்து, மிச்சத்தை வெள்ளையருக்குத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொந்த மொழியை மறக்கச் சொல்லித்தர 1878-ல் ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். அந்தப் பள்ளிக் கட்டடங்களைப் பிற்காலத்தில் பாவ்னி மக்கள் தங்கள் அரசாங்கத்தின் அலுவலகமாக ஆக்கிக்கொண்டார்கள். யார் எதற்குக் கட்டியதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள்! 2016-ல் விரிசல் விட்டவை அந்தக் கட்டடங்கள்தான்.

ஊரின் கழிவு எந்தத் திசையில் ஓடும் என்று நம் வாசகர்களுக்கு வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பாவ்னி விசயத்தில் கழிவுநீர் அவர்கள்மேல் வேண்டுமென்று ஏவப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வெள்ளைக்காரர் வீடும்தான் ஆடியது. ஆனால் தம் நிலத்தடியில் எண்ணெய்க் குத்தகைக்கு ஒப்புதல் தருகிற அதிகாரம் பாவ்னி மக்கள் கையில் இல்லை, வாஷிங்டனின் இந்தியர் விவகாரத் துறையின் கையில் இருந்தது. எங்களைக் கேட்காமல் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று அந்த 2016 நவம்பரிலேயே அவர்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார்கள்.

நிலநடுக்கம் வந்த அன்றே மாநில ஆணையம் சுற்றுவட்டாரத்தில் 37 கழிவுக் கிணறுகளை மூட உத்தரவிட்டது. உத்தரவு போட ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை! எந்தக் கிணறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊற்றும் அளவை மாநிலம் முழுக்கப் படிப்படியாகக் குறைத்தார்கள், எண்ணெய் விலையும் சரிந்திருந்தது, நடுக்கங்கள் வருசா வருசம் குறைந்தன. எவன்ஸின் இரண்டு பத்திகள் ஒரு மாநிலம் அகலத்துக்கு மறுபடியும் டேலி ஆயின.

2017 மார்ச்சில் பாவ்னி மக்கள் இரண்டாவது வழக்கைப் போட்டார்கள். இம்முறை எண்ணெய்க் கம்பெனிகளின்மேல். போட்ட இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்: மாநில நீதிமன்றம் இல்லை, மத்திய நீதிமன்றம் இல்லை, பாவ்னி இனத்தின் சொந்த நீதிமன்றம். வெளியாரைப் பூர்வகுடி நீதிமன்றம் விசாரிப்பதற்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் 1981-ல் ஒரு தீர்ப்பில் இறுக்கமான வேலி போட்டு வைத்திருக்கிறது. ஆனால் வேலியில் ஒரு சந்தும் விட்டிருக்கிறது. வெளியாரின் செயல் அந்த இனத்தின் அரசியல் இருப்பையோ பொருளாதாரத்தையோ உடல்நலத்தையோ அச்சுறுத்தினால் விசாரிக்கலாம். எங்கள் அரசாங்கம் நடக்கிற கட்டடத்தையே ஆட்டியிருக்கிறீர்கள், இதைவிட வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு எங்களை விசாரிக்க அதிகாரமே இல்லை என்றன கம்பெனிகள். 2018-ல் பாவ்னி இனத்தின் உச்சநீதிமன்றம், அதிகாரம் உண்டு என்றது.

அறுபது வருசமாக அதிர்ந்தவர்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. எத்தனை அளவில் ஆடியது, எந்தப் பிளவு, எந்தக் கிணறு, அதற்கும் இதற்கும் எத்தனை மைல் என்று, நிலநடுக்கமானி வாங்க வக்கில்லாதவர்களிடம் கேள்வி கேட்கப்பட்டது. ஊற்றியவனிடம் மீட்டர் இருந்தது, ஆனால் அவனிடம் கேள்வி இல்லை. பாவ்னி மக்கள் கேட்கிற இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கின் தொகையைவிட இந்த உட்கார்தல் பெரிய விசயம் என்று நமக்குப் படுகிறது. மாணவத் தோழர்கள் சட்டமோ புவியியலோ படித்தால் இந்த வழக்கின் வாதங்களைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டும் படிக்காதவர்கள் எவன்ஸ் மாதிரி ஒரு நோட்டுப் போட்டு இரண்டு பத்தி எழுதப் பழகலாம், அதற்குப் பட்டம் தேவையில்லை.

ஆழத்தில் ஏறிய அழுத்தம் முழுக்க இறங்கிவிட்டதா என்றால், இல்லை. ஊற்றுவதைக் குறைத்து எட்டு வருசம் ஓடிய பிறகு, 2024 பிப்ரவரி 2 இரவு பதினொன்றரை மணி வாக்கில், அதே பிரேக் ஊருக்குப் பக்கத்தில் 5.1 அளவில் நிலம் மறுபடி ஆடியது.